தூந்திரப் பிரதேசமும் கஸ்தூரி எருதின் கம்பளியும்

பருத்தி பயிரிடுவோரும் நூலைத் தறியேற்றுவோரும் படிக்கின்ற இப்பத்திரிகையில், பருத்தி என்று பெயர் பெற்றும் நூற்பதற்கு உதவாத ஒரு புல்லைப்பற்றிச் சொல்லித் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். வட துருவத்தைச் சூழ்ந்த நாடுகளில், நீர் தேங்கி நிற்கும் வெளிகளில், பருத்திப்புல் என்னும் ஒருவகைக் கோரை வளர்கின்றது. கோடை வந்ததும் அதன் தாள்தோறும் நுனியில் ஒரு வெண்குஞ்சம் விரியும். தொலைவிலிருந்து நோக்குவோர், காய் வெடித்த பருத்திக் கொல்லை என்றே அதனை எண்ணுவர். அருகே சென்று ஒரு குஞ்சத்தைப் பறித்து விரலிடையே முறுக்கிப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இழை குட்டையானது, முறுக்கினால் ஒடிந்துவிடும். விளக்குத் திரியாகவும் தலையணையில் அடைக்கும் பஞ்சாகவும் அதனை மக்கள் பயன்படுத்தியதுண்டு. தறிக்கு உரிய நூலாக அது நிலைபெறவில்லை.

ஆயினும் அந்நாட்டில் நூலிழை இல்லாமற் போகவில்லை. அது செடியில் விளையாமல் ஒரு விலங்கின் உடலில் விளைகின்றது. உலகில் விற்பனைக்கு வரும் மிக மெல்லிய கம்பளி இழைகளுள் அதுவும் ஒன்று. அதனைப் பின்னி விற்று வருவது மகளிர் நடத்தும் ஒரு கூட்டுறவுச் சங்கம். இவ்விரு செய்திகளும் நம் அங்கத்தினர்களுக்கு உரியவை. ஆகையால் அந்நாட்டின் சீதோஷ்ணம், பயிர், விலங்கு ஆகியவற்றைச் சற்று விரிவாகச் சொல்லி, பிறகு அச்சங்கத்துக்கு வருவோம். விலங்கையும் நாட்டையும் அறியாமல் சங்கத்தின் கதை விளங்காது.

தூந்திரம் என்னும் சொல் ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் சாமி மக்களின் மொழியிலிருந்து ருஷ்ய மொழி வழியாக உலகுக்கு வந்தது. மரமற்ற மேட்டுவெளி என்பது அதன் பொருள். சைபீரியாவின் வடகரை, அலாஸ்கா, வட கனடா, கிரீன்லாந்தின் கரையோரங்கள் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். மரம் வளராமைக்குக் குளிர்காலத்தின் கொடுமையே காரணம் எனப் பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. தூந்திரத்தைவிடக் கடுங்குளிர் வீசும் சைபீரிய உள்நாட்டில் பெருங்காடுகள் உள்ளன. தூந்திரத்தில் குறைவது கோடை வெப்பம். ஆண்டின் மிக வெப்பமான மாதத்திலும் சராசரி 10 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டாத இடத்தில் மரம் தன் ஆண்டு வளர்ச்சியை முடித்துக்கொள்ள இயலாது. மரங்களின் எல்லைக்கோடு ஏறத்தாழ அந்தப் பத்து டிகிரிக் கோட்டை ஒட்டியே செல்கின்றது.

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அலாஸ்காவின் வட முனையில் உட்கியாக்விக் என்னும் ஊர் உள்ளது. 2016 வரை பாரோ என வழங்கிய ஊர் இதுவே. நவம்பர் மாதம் மூன்றாம் வாரத்தில் அங்கு மறையும் சூரியன் மீண்டும் முகம் காட்டுவது ஜனவரி இறுதி வாரத்தில். ஏறத்தாழ 65 நாட்கள் பகலவன் இல்லை. அதற்கு ஈடுபோல மே மாதம் 10ஆம் தேதியை ஒட்டி எழும் சூரியன் ஆகஸ்டு தொடக்கம் வரையில் மறைவதே இல்லை. அப்படி எண்பது நாட்களுக்குமேல் இடைவிடாத வெயில் இருந்தும் ஜூலை மாதச் சராசரி 5 டிகிரி அளவிலேயே நிற்கின்றது. வெயில் மிகச் சாய்ந்து விழுவதாலும், அதில் பெரும்பகுதி பனியை உருக்குவதிலேயே செலவாகிவிடுவதாலும் இந்நிலை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 150 மில்லிமீட்டருக்கும் குறைவு. பாலைவனத்துக்குரிய அளவுதான் அது.

பாலைவன மழை பெய்யும் இடத்தில் கோடைதோறும் நிலம் சதுப்பாகக் கிடப்பது எப்படி? விடை மண்ணுக்குள் இருக்கின்றது. அங்கு நிலத்தின் அடி என்றுமே உருகாத உறைமண். கோடையில் மேற்பரப்பில் முப்பது சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை இளகும். அதற்குக் கீழே கல்போல் உறைந்த மண்ணே. அலாஸ்காவின் வடகரையில் புரூடோ வளைகுடாப் பக்கம் இவ்வுறைமண் 600 மீட்டருக்கு மேல் ஆழமுடையது. பெய்த சொற்ப நீரும் கீழே இறங்க வழியில்லை. குளிரினால் ஆவியாகவும் வழியில்லை. ஆகவே தேங்குகின்றது. பார்க்குமிடமெல்லாம் குட்டையும் குளமும் கொசுவுமாக இருப்பதன் காரணம் இதுவே. ஆழ வேர் விடும் செடிக்கு அங்கு இடமில்லை. உதிர்ந்த இலையும் தழையும் மக்குவதற்கு வேண்டிய வெப்பமும் இல்லை. தொழு உரம் மக்குவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பதை அறிந்த நம் விவசாயிகள், நூற்றாண்டுக்கணக்கில் மக்காமல் கிடக்கும் தழைக் குவியலை எண்ணிப் பார்க்கலாம். அக்குவியலைப்பற்றிப் பின்னரும் சொல்ல வேண்டியிருக்கின்றது.

பயிர்க்காலம் ஐம்பது அறுபது நாட்கள்தான். அந்த அவகாசத்தில் விதை முளைத்து, வளர்ந்து, பூத்து, மறுபடி விதையாவது அரிது. ஆகவே அந்நாட்டுச் செடிகளில் ஓராண்டுப் பயிர்கள் மிகச் சில. பெரும்பாலானவை பல்லாண்டுச் செடிகள். முந்தின ஆண்டே மொட்டை உருவாக்கி வைத்துக்கொண்டு, பனி விலகியதும் அதனை விரிப்பது பலவற்றின் வழக்கம். எல்லாம் நிலத்தோடு நிலமாகப் படர்ந்திருக்கும். காற்று தாக்காத உயரம் அவ்வளவே. பாசிமெத்தை போல அடர்ந்து வளரும் சில செடிகளின் நடுவே, வெயில் நாட்களில், வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேலும் வெப்பம் இருப்பதுண்டு. துருவத்துக் கசகசாப் பூ சூரியனின் பக்கம் முகம் திருப்பிக்கொண்டே இருக்கும். அதன் இதழ்க் கிண்ணத்துள் குவியும் இளஞ்சூட்டை நாடிப் பூச்சிகள் வந்து அமர்கின்றன. மரமே இல்லை என்றோம். மரங்களின் உறவு இல்லை என்று சொல்லவில்லை. துருவ அலரி என்பது அலரி மர இனத்தையே சேர்ந்தது. ஆனால் அது கணுக்கால் உயரம்கூட எழுவதில்லை, தரையில் தவழ்கின்றது. கிழக்குக் கிரீன்லாந்தில் அத்தகைய ஒரு செடியின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்தபோது அதன் வயது 236 எனத் தெரிந்தது.

செடியினும் மெதுவாக வளர்வது மான்பாசி எனப்படும் கற்பாசி. காளானும் பாசியும் ஒன்றுபட்டு வாழும் உயிர் இது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளரும். குளிர்காலத்தில் துருவமான்கள் பனியைக் குளம்பால் பறித்துத் தின்பது இதனையே. ஒருமுறை மேய்ந்து அழித்த இடம் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். இதனை மறந்ததால் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

பெரிங் கடலில் செயின்ட் மத்தேயு என்றொரு தீவு உண்டு. மனிதர் குடியில்லாத தூந்திரத் தீவு. பரப்பு ஏறத்தாழ 330 சதுர கிலோமீட்டர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அங்கு நிலையம் அமைத்த அமெரிக்கக் கடற்காவல் படையினர், அவசரகால உணவுக்கு ஆகும் என்று 1944-இல் 29 துருவமான்களைக் கொண்டுவந்து விட்டனர். யுத்தம் ஓய்ந்ததும் படையினர் சென்றுவிட்டனர், மான்கள் நின்றுவிட்டன. ஓநாய் இல்லை, வேடர் இல்லை, பாசியோ கை அகலத்துக்குத் தடித்துக் கிடந்தது. 1957-இல் எண்ணியபோது மான்கள் 1,350. 1963-இல் 6,000. எண்ணச் சென்ற டேவிட் கிளைன் என்னும் விலங்கியலார் அப்பொழுதே பாசி தேய்ந்திருப்பதையும், மான்களின் எடை குறைந்திருப்பதையும் கண்டார். அடுத்து வந்த குளிர்காலம் கடுமையானது. 1966-இல் அவர் மீண்டும் சென்றபோது உயிரோடிருந்தவை 42. அவற்றில் ஆண்மான் ஒன்றே. அதுவும் இனப்பெருக்கத்துக்கு உதவாதது. சில ஆண்டுகளில் அவையும் மறைந்தன. அசலை வட்டியெனக் கருதிச் செலவிடுவோரின் கணக்கு எப்படி முடியும் என்பதை அறிந்த கூட்டுறவாளர்களுக்கு இந்த நான்கு எண்களே போதும்.

நிற்க. பிராணிகளின் உபாயங்கள் செடிகளின் உபாயங்களைவிட விசித்திரமானவை. லெம்மிங் எனப்படும் சிற்றெலி, குளிர்காலம் முழுவதும் பனிக்குக் கீழே வளை தோண்டித் திரிகின்றது. பனியே அதற்குக் கம்பளம்; மேலே நாற்பது டிகிரி உறைகுளிர் இருக்கையில் கீழே உறைநிலையை ஒட்டிய குளிரே இருக்கும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வெலிகள் பெருகிப் பின் அருகுகின்றன. பெருகிய ஆண்டில் வெண்கூகை பத்து முட்டை வரையும் இடும்; அருகிய ஆண்டில் முட்டையிடாமலே இருந்துவிடுவதும் உண்டு. நிலஅணில் என்னும் இன்னொரு பிராணி ஆண்டில் ஏழெட்டு மாதம் உறங்குகின்றது. உறக்கத்தில் அதன் உடல் வெப்பம் உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்குகின்றது என்றும், ஆயினும் அதன் இரத்தம் உறைவதில்லை என்றும் அலாஸ்காப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்து 1989-இல் வெளியிட்டனர். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அது நடுங்கி நடுங்கி உடலைச் சூடேற்றிக்கொண்டு, மறுபடி உறங்கிவிடும்.

பறவைகளோ பெரும்பாலும் விருந்தினர். கோடையில் வந்து, கொசுவையும் புழுவையும் தின்று, குஞ்சு பொரித்து, குளிருக்கு முன் அகன்றுவிடுகின்றன. அவற்றுள் சில நம் கரைக்கும் வருகின்றன. கோடியக்கரையின் சேற்று வெளிகளில் குளிர்காலத்தில் கூட்டங்கூட்டமாக ஓடித் திரியும் கொசு உள்ளான், ஐரோப்பிய ஆசிய வடகரைத் தூந்திரத்தில் பிறந்த பறவை. அதன் எடை முப்பது கிராமுக்கும் குறைவு. வேதாரணியத்துப் பக்கம் உள்ள அங்கத்தினர்கள் இனி அதனைக் காணும்போது அது எந்த நாட்டு வாசி என்பதை நினைவுகூரலாம்.

ஓடியும் பறந்தும் உறங்கியும் தப்பாமல், நின்ற இடத்திலேயே குளிர்காலத்தை எதிர்கொள்ளும் பெரிய விலங்கு ஒன்று உண்டு. அதுதான் நாம் சொல்லவந்த கஸ்தூரி எருது. பெயரில் உள்ள இரு சொற்களும் பொருந்தாதவை. அதற்குக் கஸ்தூரிப் பை கிடையாது. ஆண் விலங்கு பருவகாலத்தில் வீசும் நாற்றத்தைக் கண்டு வெள்ளையர் இட்ட பெயர் அது. எருதும் அன்று, உடற்கூற்றின்படி அது ஆட்டு வர்க்கத்தைச் சேர்ந்தது. அந்நாட்டு மக்கள் தம் மொழியில் ‘ஊமிங்மாக்’ என்பர். தாடியுடையது என்பது பொருள். அப்பெயரே பொருத்தமானது. கழுத்திலிருந்தும் விலாவிலிருந்தும் தொங்கும் மேல்ரோமம் ஏறத்தாழ நிலத்தைத் தொடும். தோளளவு உயரம் நான்கு அடி. எடை முந்நூறு கிலோகிராமுக்கு மேலும் போகும். குளிர்காலத்தில் அது அதிகம் நடமாடுவதில்லை. கிடைத்த புல்லையும் அலரிக் கொழுந்தையும் தின்று, அசைபோட்டு, உடற்கொழுப்பைச் சிக்கனமாகச் செலவிட்டு நிற்கின்றது.

மேல்ரோமத்துக்கு அடியில் மெல்லிய அடிரோமம் ஒன்று உண்டு. அதன் பெயர் கிவியூட். வசந்தத்தில் அது தானாகவே தோலினின்று பிரிந்து, மேல்ரோமத்தின் இடையே வெளிவரும். வளர்ப்பு விலங்கானால் அச்சமயம் பார்த்துச் சீப்பால் வாரி எடுக்கலாம். கத்தரி வேண்டுவதில்லை. நன்கு வளர்ந்த விலங்கிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று கிலோகிராம் கிடைக்கும். இழையின் பருமன் 18 மைக்ரானை ஒட்டியது. காஷ்மீரத்துச் சால்வை ஆட்டின் ரோமத்தோடு ஒப்பிடத்தக்கது. செம்மறிக் கம்பளி வெந்நீரில் சுருங்கிக் கட்டியாகும் என்பதை நாம் அறிவோம். கிவியூட் அவ்வாறு சுருங்குவதில்லை. செம்மறிக் கம்பளியைவிட எட்டு மடங்கு வெப்பம் காக்கும் என்றும் விற்பனை விளம்பரங்களில் சொல்கின்றனர். எட்டு என்பதை எவர் எப்படி அளந்தனரோ, விளம்பரக் கணக்குகளைத் தணிக்கை செய்வது நம் அதிகாரத்தில் இல்லை. குறைந்த எடையில் மிகுந்த வெப்பம் தருவது என்ற அளவில் ஐயமில்லை.

இவ்விலங்கு அலாஸ்காவில் அழிந்துபோனது. ஓநாய்கள் வந்தால் மந்தை முழுவதும் நெருங்கி வட்டமாக நின்றுகொள்ளும். கன்றுகள் நடுவில்; பெரியவை கொம்பை வெளிப்புறம் காட்டிச் சுற்றிலும். ஓநாயால் அந்த வட்டத்தை எளிதில் உடைக்க இயலாது. பல்லாயிரம் ஆண்டு பயன்பட்ட இவ்வியூகம் துப்பாக்கியின் முன் பயனற்றுப் போயிற்று. ஓடாமல் ஓரிடத்தில் நிற்கும் மந்தையை ஒரு வேட்டைக்காரன் ஒன்றுவிடாமல் சுட்டு வீழ்த்தலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அலாஸ்காவில் ஒரு கஸ்தூரி எருதும் மிஞ்சவில்லை. கனடாவிலும் இனம் அருகிப்போய், 1917-இல் அந்நாட்டுச் சர்க்கார் வேட்டையைத் தடை செய்தனர்.

மீட்சி கிரீன்லாந்திலிருந்து வந்தது. 1930-இல் அமெரிக்கச் சர்க்கார் கிழக்குக் கிரீன்லாந்தில் பிடிக்கப்பட்ட 34 விலங்குகளை விலைக்கு வாங்கினர். அவை கப்பலேறி நார்வே சென்று, அங்கிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து நியூயார்க் சேர்ந்து, ரயிலேறி அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வந்து, மறுபடி கப்பலேறி அலாஸ்கா புகுந்தன. சில ஆண்டுகள் ஃபேர்பாங்ஸ் நகரில் வைத்திருந்தபின், 1935, 1936 ஆகிய ஆண்டுகளில் 31 விலங்குகளை நுனிவாக் என்னும் தீவில் கொண்டுபோய் விட்டனர். அத்தீவும் பெரிங் கடலில் உள்ளதே. ஓநாயும் கரடியும் இல்லாத தீவு. 1968-இல் அங்கு மந்தை 750 ஆகப் பெருகியிருந்தது. செயின்ட் மத்தேயுவின் பாடம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உபரியானவற்றைப் பிடித்து நெல்சன் தீவு, சீவர்டு தீபகற்பம், அலாஸ்காவின் வடகிழக்குப் பகுதி ஆகிய இடங்களில் விட்டனர். 1975-இல் ருஷ்யாவின் ராங்கல் தீவுக்கும் அனுப்பினர். இன்று அலாஸ்காவில் காணும் சில ஆயிரம் கஸ்தூரி எருதுகளும் அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவையே.

இதனிடையில் ஜான் டீல் என்னும் மானிடவியலார் ஒரு புதிய எண்ணத்தோடு முன்வந்தார். துருவப் பிரதேசத்துக்கு வெளியூர் ஆட்டையும் மாட்டையும் கொண்டுபோய்க் கொட்டகை கட்டித் தீவனம் இட்டு வளர்ப்பது வீண். அம்மண்ணுக்கே உரிய விலங்கைப் பழக்கினால் என்ன என்பது அவர் கேள்வி. 1954-இல் வட கனடாவில் கன்றுகளைப் பிடித்து வந்து அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில் வளர்த்துப் பார்த்தார். அவை மனிதரோடு பழகின. 1964-இல் நுனிவாக் தீவுக் கன்றுகளைக் கொண்டு அலாஸ்காப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு பண்ணையைத் தொடங்கினார். கொல்வதற்கன்று, வாரி எடுப்பதற்கே வளர்ப்பு. ரோமம் கிடைத்தது. அதனை யார், எங்கே, எப்படிப் பொருளாக்குவது என்பது அடுத்த கேள்வி.

நுனிவாக் தீவிலும் எதிர்க்கரையிலும் வாழ்வோர் யூப்பிக் இனத்தவர். சாலை இல்லாத ஊர்கள். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வண்டி, இடையே சிறு விமானம். மீனும் கடல்நாயும் பறவை முட்டையும் காட்டுப் பழமும் பருவத்துக்குப் பருவம் சேகரித்து வாழும் குடும்பங்கள். உணவு கையால் கிடைக்கும். விளக்கெண்ணெய்க்கும் வண்டிக்கும் துணிக்கும் பணம் வேண்டும். பணம் தரும் வேலை ஊரில் அரிது. இத்தகைய இடத்தில் ஆலை வைக்க முடியாது. வைத்தாலும் மீன் ஓடும் மாதத்தில் ஒருவரும் ஆலைக்கு வரமாட்டார். ஆகவே வீட்டிலிருந்தபடியே, ஓய்ந்த நேரத்தில் செய்யும் தொழிலாக அது இருக்க வேண்டியிருந்தது. 1968 டிசம்பரில் நுனிவாக் தீவின் மெகோரியுக் கிராமத்தில் மகளிருக்கு முதல் பின்னல் வகுப்பு நடைபெற்றது. மறு ஆண்டு, 1969-இல், ஊமிங்மாக் கஸ்தூரி எருது உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது.

அதன் நடைமுறையை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ரோமம் ஆலையில் நூற்கப்படுகின்றது. ஆங்கரேஜ் நகரிலுள்ள சங்க அலுவலகம் நூலைத் தபாலில் உறுப்பினருக்கு அனுப்புகின்றது. பின்னி முடித்த கழுத்தாடை, குல்லாய், சால்வை ஆகியவை தபாலிலேயே திரும்புகின்றன. தலையையும் கழுத்தையும் ஒருசேரப் போர்த்தும் குழல் வடிவான ‘நச்சாக்’ என்பது அவர்களுடைய பேர்போன சரக்கு. வந்த சரக்கைக் கழுவி, வடிவம் படிய வைத்து, சங்கத்தின் கடையில் விற்கின்றனர். பின்னற்கூலி உடனுக்குடன் உறுப்பினருக்குப் போய்விடும். விற்பனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுச் சந்தா 2 டாலர். இவ்வளவு பின்னியே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆண்டு முடிவில் நிகர லாபத்தில் உறுப்பினருக்குப் பங்கும் உண்டு. ஏறத்தாழ 250 மகளிர் உறுப்பினராய் உள்ள சங்கம் இது.

கோலங்களைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஊருக்கு ஊர் தனிக் கோலம் வகுத்திருக்கின்றனர். மெகோரியுக்கின் கோலம் ஈட்டிமுனை. பழங்காலத்து எறியீட்டியின் தந்த முனையில் செதுக்கியிருந்த வரிகளைப் பார்த்து எடுத்தது. பெதெல் ஊருக்கு வால்வரின் என்னும் விலங்கின் முகமூடி. ஷிஷ்மரெப் ஊருக்கு நட்சத்திரம். நம் நாட்டில் புடவையின் கரையைப் பார்த்து ஊரைச் சொல்வது போல, அங்கே கழுத்தாடையின் பின்னலைப் பார்த்து ஊரைச் சொல்லலாம். கோலங்களைக் கட்டத்தாளில் குறிகளாக எழுதித் தருகின்றனர். ஆங்கிலம் படியாத மூதாட்டியும் கட்டத்தை எண்ணிப் பின்னிவிடுவார். நம் பட்டு நெசவூர்களில் கட்டத்தாள் வரைந்து அட்டை குத்துவோருக்கு இது புதிதன்று.

சங்கங்களின் தணிக்கையில் நாட்களைக் கழிப்பவர்கள் ஆதலால் நமக்குத் தோன்றும் ஒரு குறையையும் சொல்லிவிடுகின்றோம். இச்சங்கத்தின் கையில் தொழில் இருக்கின்றது, சந்தை இருக்கின்றது. மூலப்பொருள் மட்டும் முழுமையாக அதன் கையில் இல்லை. ஊருக்கு ஒரு மந்தை, மந்தைக்கு ஊரே உடைமை என்பது டீல் முதலில் கண்ட கனவு. அது நிறைவேறவில்லை. பழகிய மந்தை 1986 முதல் ஆங்கரேஜ் நகருக்கு அண்மையில், பால்மர் என்னுமிடத்துப் பண்ணையில் தனி நிறுவனமாக இருந்து வருகின்றது. பண்ணை ரோமத்தோடு, வேட்டையாடப்பட்ட காட்டு விலங்குகளின் தோலிலிருந்து எடுக்கும் ரோமத்தையும் நம்பியே நூல் கிடைக்கின்றது. நூல் வரத்து நின்றால் தறி என்னாகும் என்பது கைத்தறிச் சங்கத்தார்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வரத்துக்கு இப்பொழுது புதிதாக வந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. அது மழை. 1979 முதல் துருவப் பிரதேசம் உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்து வந்திருக்கின்றது என்று 2022-இல் வெளிவந்த ஆராய்ச்சி சொல்கின்றது. குளிர்காலத்தின் இடையே, பனியாக விழவேண்டியது சில நாட்களில் மழையாக விழுகின்றது. அம்மழைநீர் பனியின்மேல் உறைந்து கண்ணாடிபோல் இறுகிவிடும். அடியில் புல் இருந்தும் விலங்கால் உடைத்தெடுக்க இயலாது. 2003 அக்டோபரில் கனடாவின் பேங்க்ஸ் தீவில் அப்படிப் பெய்த ஒரு மழையால் ஏறத்தாழ 20,000 கஸ்தூரி எருதுகள் பட்டினியால் மடிந்தன. 2013 நவம்பரில் சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் இதே வகையில் 61,000 துருவமான்கள் இறந்தன. அம்மான்கள் நெனெட்ஸ் என்னும் மேய்ப்பர் குடிகளின் முழு உடைமை.

முன்னர்க் கூறிய மக்காத தழைக் குவியலும் இப்பொழுது மக்கத் தொடங்கியிருக்கின்றது. வட உறைமண்ணில் அடங்கியுள்ள கரி, காற்று மண்டலத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மண் இளகும்போது அது கரியமில வாயுவாகவும் சதுப்பு வாயுவாகவும் வெளியேறுகின்றது. காட்டுத்தீயின் புகையையும் சேர்த்துப் பார்த்தால், தூந்திரம் கரியை உள்வாங்குவதைவிட வெளிவிடுவதே மிகுதி என்று 2024-இல் அறிவித்தனர். அலரிப் புதர்கள் முன்னைவிட உயர்ந்து வளர்கின்றன. உட்கியாக்விக் மக்கள் உறைமண்ணில் தோண்டித் திமிங்கில இறைச்சியைச் சேமித்து வந்த நிலவறைகள் சிலவற்றில் நீர் ஊறிவிட்டது. செலவில்லாத குளிர்பதனக் கிடங்கு கெட்டுப்போனால் மின்சாரப் பெட்டி வாங்க வேண்டும், மின்சாரமோ விலையேறியது.

நட்சத்திரக் கோலத்துக்கு உரிய ஷிஷ்மரெப் ஊரின் நிலையைச் சொல்லி நிறுத்துகின்றோம். இனுப்பியாக் மக்கள் ஏறத்தாழ அறுநூறு பேர் வாழும் மணல் தீவு அது. முன்பெல்லாம் இலையுதிர்காலத்துப் புயல்கள் வருவதற்குள் கடல் உறைந்து கரைக்கு அரணாக நிற்கும். இப்பொழுது கடல் காலந்தாழ்ந்து உறைகின்றது. அலை நேரே கரையில் மோதுகின்றது. கரையைப் பிணைத்திருந்த உறைமண்ணும் இளகிவிட்டது. 1997-இல் வீசிய புயலுக்குப்பின் வீடுகள் பலவற்றை இடம் மாற்ற நேர்ந்தது. ஊரையே நிலப்பரப்புக்கு மாற்றிவிடுவது என 2002-இல் வாக்கெடுத்துத் தீர்மானித்தனர். 2016 ஆகஸ்டில் மறுபடியும் வாக்கெடுத்தபோது மாற்றுவதற்கு 89 வாக்கும், கரையைக் காத்து இருந்த இடத்திலேயே இருப்பதற்கு 78 வாக்கும் விழுந்தன. மாற்றுவதற்கு வேண்டிய பணம் கிடைக்கவில்லை. கற்சுவர் ஒன்று எழுப்பிக்கொண்டு ஊரார் அத்தீவிலேயே இருந்து வருகின்றனர்.